மரக்கலம் பிழைக்கும் வழி

(ஈப்போவில் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இன்று இரண்டு கப்பல்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இரண்டும் மரத்தால் ஆனவை. பாய் விரித்துக் காற்றில் ஓடியவை. ஒன்று 1817இல் பம்பாயில் கட்டியது. திருக்கோணமலையின் பெயரை ஆங்கிலேயர் உச்சரித்தபடியே 'டிரிங்கோமலி' என்று அதற்கு வைத்தார்கள். இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் ஹார்ட்டில்பூல் என்ற துறைமுக ஊரில் அது இன்றும் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கிறது. மற்றொன்று 1930 வாக்கில் யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டியது. அதன் பெயர் அன்னபூரணி. முந்திய கப்பலைவிட நூறு வயதுக்கு மேல் இளையது. அதை இன்று படங்களில்தான் பார்க்கிறோம்.

மூத்தது இருக்கிறது, இளையது இல்லை. ஏன்? தேக்கு நீடிக்கும், வேம்பு அவ்வளவு நீடிக்காது என்று சிலர் சொல்வார்கள். வெள்ளைக்காரனிடம் பணம் இருந்தது என்று சிலர் சொல்வார்கள். இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் தேக்கில் கட்டிய எத்தனையோ கப்பல்கள் மண்ணோடு மண்ணாகிவிட்டன. பணக்காரர்கள் வாங்கி ஆசையாக வைத்திருந்த எத்தனையோ பாய்க்கப்பல்கள் கரையோரத்தில் கிடந்து மட்கியிருக்கின்றன. பழுதுபார்க்கும் வேலை எந்த ஊரில் அறுபடாமல் நடக்கிறதோ அந்த ஊரில்தான் மரக்கலம் பிழைக்கிறது. நான் சொல்ல வந்தது இதைத்தான். ஈயமும் ரப்பரும் போன பிறகு நிற்கும் நம் பேராக் மாநிலத்துக்கு இந்தக் கப்பல்கள் சொல்லும் சேதி ஒன்று உண்டு. அதையும் முடிவில் சொல்கிறேன்.

அன்னபூரணி

வல்வெட்டித்துறை இலங்கையின் வடகரையில் உள்ள சிறிய ஊர். அங்கிருந்து புறப்பட்ட பாய்க்கப்பல்கள் நாகப்பட்டினத்துக்கும் கொச்சிக்கும் ரங்கூனுக்கும் சிட்டகாங்குக்கும் ஓடின. அரிசியும் கூரை ஓடுகளும் புகையிலையும் அவற்றில் ஏறி இறங்கின. கப்பலைச் செலுத்தியவர்கள் ஊர்த் தண்டையல்கள். கட்டியவர்கள் ஊர் ஓடாவிகள், அதாவது கப்பல் தச்சர்கள். அடிமரமாகிய ஏராவைக் கிடத்துவது, அதன்மேல் விலா எலும்புபோல் வங்குகளை நிறுத்துவது, பலகை அறைவது, பாய்மரம் நடுவது என்று எல்லா வேலையும் தகப்பன் கையிலிருந்து மகன் கைக்கு வந்த வேலைதான்.

அன்னபூரணி 89 அடி நீளம். வேப்பமரத்தில் கட்டியது. சரக்கு ஏற்றவென்று கட்டிய இந்தக் கப்பலை வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். அவர் சாதாரண ஆள் அல்லர். வெறும் 32 அடிப் படகில் 1928 முதல் 1931 வரை உலகத்தையே சுற்றி வந்து புகழ் பெற்ற கடலோடி. அமெரிக்காவில் எந்தப் பட்டறையிலும் தமக்கென்று ஒரு கப்பல் கட்டிக்கொள்ளக் கூடிய அந்த மனிதர் நம் ஓடாவிகளின் கைவேலையை நம்பினார். தம் மனைவியின் பெயரால் 'ஃப்ளோரன்ஸ் சி. ராபின்சன்' என்று பெயர் மாற்றினார். தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் அவரோடு சேர்ந்த தமிழ் மாலுமிகளும் கப்பலைச் செலுத்தினார்கள். 1937இல் இலங்கையை விட்டுக் கிளம்பி, செங்கடல், சூயஸ் கால்வாய், மத்திய தரைக்கடல், அட்லாண்டிக் என்று கடந்து, 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது.

இதைச் சொல்லும்போது நமக்கு நெஞ்சு நிமிர்கிறது. நிமிரட்டும், தப்பில்லை. ஆனால் அதன் பிறகு என்ன நடந்தது என்றும் கேட்க வேண்டும். நீராவிக் கப்பல் ஏற்கெனவே வந்திருந்தது. விடுதலைக்குப் பிறகு சுங்கக் கட்டுப்பாடுகள் வந்தன. பழைய கடல் வாணிகம் ஒடுங்கியது. பிறகு கால் நூற்றாண்டுப் போர் அந்தக் கரையையே அடைத்துவிட்டது. புதுக் கப்பல் கட்டச் சொல்லி யாரும் வரவில்லை, பழைய கப்பலைச் செப்பனிடச் சொல்லியும் யாரும் வரவில்லை. ஓடாவியின் மகன் வேறு வேலைக்குப் போனான். அமெரிக்கா போன அன்னபூரணி ஒரு கப்பல்தான். ஆனால் அதன் மரம் ஒன்று பழுதானால் அதே கையால் மாற்றிக்கொடுக்க ஆள் இல்லாத இடத்துக்கு அது போய்விட்டது. போன இடத்தில் அந்தக் கை இல்லை. பிறந்த இடத்திலும் ஆள் குறைந்துபோனார்கள்.

டிரிங்கோமலி

இப்போது மூத்தவளின் கதைக்கு வருவோம். நெப்போலியனோடு நடத்திய போரில் பிரிட்டனின் ஓக் காடுகள் தீர்ந்துகொண்டிருந்தன. அதனால் பம்பாயில் தேக்கில் போர்க்கப்பல் கட்டச் சொன்னார்கள். அதற்கான வரைபடத்தை முதலில் ஏற்றி வந்த 'ஜாவா' என்ற கப்பலை 1812 டிசம்பரில் அமெரிக்கக் கடற்படை தோற்கடித்து எரித்தது. மறுபடியும் வரைபடம் அனுப்ப வேண்டியதாயிற்று. மலபார்த் தேக்கில் பார்சி கப்பல் தச்சர்களான வாடியா குடும்பத்தின் ஜம்ஷெட்ஜி பொமன்ஜி கட்டி முடித்தார். 1817 அக்டோபர் 12 அன்று கப்பல் தண்ணீரில் இறங்கியது.

அது கட்டி முடிவதற்குள் போரே முடிந்துவிட்டது. இங்கிலாந்து போய்ச் சேர்ந்ததும் பல ஆண்டுகள் சும்மா கட்டிப்போட்டார்கள். 1840களில் மாற்றியமைத்துக் கடலுக்கு அனுப்பினார்கள். மேற்கிந்தியத் தீவுகள், பசிபிக் என்று பத்தாண்டு ஓடியது. பிறகு பயிற்சிக் கப்பல் ஆனது. 1897இல் உடைக்கிறவர்களுக்கு விற்றுவிட்டார்கள். வீட்லி காப் என்பவர் அதை அவர்களிடமிருந்து வாங்கிக் காப்பாற்றினார். 'ஃபூட்ராயன்ட்' என்று வேறு பெயரில் 1986 வரை பிள்ளைகளுக்குக் கடல் பயிற்சி தந்தது. அந்த ஆண்டுகளில் பிள்ளைகள் அதன் தளத்தைக் கழுவினார்கள், கயிறு கட்டினார்கள், வண்ணம் அடித்தார்கள், நீர் இறைத்தார்கள். கப்பல் பிழைத்ததற்கு முதல் காரணம் இந்த அன்றாட வேலைதான். யாரும் ஏறாத கப்பலில் எங்கே ஒழுகுகிறது என்று யாருக்குத் தெரியும்?

1987இல் அதை ஒரு மிதவையில் ஏற்றி ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டுவந்தார்கள். ஏன் ஹார்ட்டில்பூல்? இதைக் கவனியுங்கள். அந்த ஊர் கப்பல் கட்டிப் பிழைத்த ஊர். 1960களில் பட்டறைகள் மூடிவிட்டன. வேலை போய்விட்டது, ஆனால் வேலை தெரிந்த கைகள் ஊரில் இருந்தன. 1979இல் 'வாரியர்' என்ற 1860ஆம் ஆண்டு இரும்புப் போர்க்கப்பல் பாழான நிலையில் அங்கே வந்து சேர்ந்தது. எட்டு ஆண்டுகள் உழைத்து அதைப் புதுப்பித்து 1987இல் போர்ட்ஸ்மத் துறைமுகத்துக்கு அனுப்பினார்கள். அந்த எட்டு ஆண்டுகளில் மூத்தவர்களோடு சேர்ந்து இளையவர்களும் தேர்ந்துவிட்டார்கள். அந்தக் கைகளை வீணாக்காமல் அடுத்த கப்பலை எடுத்தார்கள். அதுதான் டிரிங்கோமலி. 1990இல் வேலை தொடங்கி 2001இல் முடிந்தது. இன்று அதன் உடலில் பாதிக்கும் மேற்பட்ட மரம் பம்பாயில் வைத்த அதே தேக்கு.

வேலை எப்படி நடக்கிறது

பழைய மரக்கப்பலைச் செப்பனிடுவது எப்படி என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இதைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

தண்ணீரில் இருக்கும் கப்பலை எல்லாப் பக்கமும் தண்ணீர் தாங்குகிறது. கரையில் ஏற்றியதும் அந்தத் தாங்கல் போய்விடும்; எடை முழுவதும் ஏராவின் மேல் விழும். அதனால் முதல் வேலை உளி எடுப்பதல்ல, முட்டுக் கொடுப்பது. வயதான கப்பலின் முதுகு பெரும்பாலும் வளைந்திருக்கும். நடுவயிறு அகலமானது, அங்கே தண்ணீர் நன்றாகத் தூக்கிப்பிடிக்கும். முன்முனையாகிய அணியமும் பின்முனையும் ஒடுங்கியவை, அங்கே எடை உண்டு, தூக்கும் தண்ணீர் குறைவு. ஆண்டாண்டாக இப்படி இருந்தால் நடு மேலே எழும்பி இரண்டு முனையும் தொங்கிவிடும். தொங்கிய முனைகளை ஒரே நாளில் தூக்கினால் மரம் பிளந்துவிடும். வாரக்கணக்கில், மயிரிழை மயிரிழையாக, முட்டுகளை உயர்த்திக்கொண்டே போக வேண்டும். அவசரக்காரனுக்கு இந்த வேலை ஆகாது.

அடுத்தது அளப்பது. ஒவ்வொரு வங்கின் வளைவையும் மெல்லிய பலகையில் பிரதி எடுப்பார்கள். கப்பலின் வடிவத்தைப் பட்டறைத் தரையில் முழு அளவில் வரைவார்கள். கழற்றும் ஒவ்வொரு துண்டுக்கும் எண் போடுவார்கள். உளுத்துப்போன மரத்தைக்கூடத் தூக்கி எறிய மாட்டார்கள். புது மரத்துக்கு அச்சு அதுதான். ஓர் ஆணித் துளை எங்கே இருந்தது, ஒரு பலகை எந்த வங்கின் மேல் முடிந்தது என்பதையெல்லாம் அந்த உளுத்த மரம் சொல்லும்.

மூன்றாவது, பழுது எங்கே என்று கண்டுபிடிப்பது. கருவி எளியது: ஒரு மரச் சுத்தியல், ஒரு கூரிய ஊசி. தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல மரம் கணீரென்று பேசும். உளுத்த மரம் பொத்தென்று சொல்லும். சந்தேகம் வந்த இடத்தில் ஊசியைக் குத்திப் பார்ப்பார்கள். நம்மில் பலர் கடல்நீர்தான் கப்பலைக் கெடுக்கிறது என்று நினைக்கிறோம். மரத்தை அரிக்கும் பூஞ்சைக்கு உப்பு ஆகாது. அதற்கு வேண்டியது மழைநீரும் காற்றோட்டமில்லாத மூலையும். மேற்கு நாட்டுக் கப்பல் தச்சர்கள் வங்குகளுக்கு இடையில் உப்பைக் கொட்டி வைத்ததும் அதனால்தான். ஆகவே மரக்கப்பல் பெரும்பாலும் மேலிருந்துதான் சாகிறது. தளத்தில் ஒரு சின்ன ஒழுக்கு, அதைக் கவனிக்காத இரண்டு மழைக்காலம், அவ்வளவு போதும். இரண்டாவது எதிரி இரும்பாணி. துரு ஏறிய ஆணி தன்னைச் சுற்றியுள்ள மரத்தையும் கெடுத்துவிடும். மூன்றாவது எதிரி மரம் துளைக்கும் கடல்புழு. அதைத் தடுக்கத்தான் ஐரோப்பியர் அடிப்பாகத்தில் செப்புத் தகடு அறைந்தார்கள். நம்மவர் சுண்ணாம்பையும் எண்ணெயையும் குழைத்துப் பூசினார்கள்.

நான்காவது, மாற்றுவது. இங்கே ஒரு கட்டாய விதி உண்டு. பழுதானதை எல்லாம் ஒரேயடியாகக் கழற்றக் கூடாது. ஒரு வங்கை மாற்றினால் பக்கத்து வங்கு பழையதாகவே நிற்க வேண்டும். புதியது இறுகி நின்ற பிறகுதான் அடுத்ததைத் தொடலாம். நிற்கிற பழைய மரம்தான் வடிவத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. எல்லாவற்றையும் கழற்றிவிட்டால் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. கட்டியெழுப்புவது வேறு கப்பலாகத்தான் இருக்கும். ஒரு பலகையில் பாதி மட்டும் கெட்டிருந்தால் கெட்ட பாதியை மட்டும் வெட்டி, நீண்ட சாய்வாகச் சீவி, புதுத் துண்டை அந்தச் சாய்வோடு பொருத்துவார்கள். அங்குலக் கனத்துக்கு எட்டு அங்குல நீளமாவது அந்தச் சாய்வு இருக்க வேண்டும். வளைய வேண்டிய பலகையை ஆவிப் பெட்டியில் வேகவைப்பார்கள். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மணி நேரம் என்பது பழைய கணக்கு. வெளியே எடுத்ததும் சூடு ஆறுவதற்குள் வளைத்து இறுக்கிவிட வேண்டும்.

கடைசியில் கலப்பத்து. பலகைக்கும் பலகைக்கும் இடையிலுள்ள சந்தை அடைக்கும் வேலை அது. இதை நம் பேராக்கிலேயே பார்க்கலாம். பங்கோர் தீவில் மீன்பிடிப் படகு கட்டும் சீனர்களின் பட்டறைகள் இருக்கின்றன. அங்கே ஒரு பெரியவர் இந்த வேலையைச் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். நாரைத் திரியாக உருட்டி, சந்தின் மேல் சின்னச் சின்ன மடிப்பாக வைத்து, தட்டையான உளியால் உள்ளே தள்ளி, மரச் சுத்தியலால் அடிக்கிறார். பார்வை உளி மேல் இல்லை. காதைத்தான் சந்துப் பக்கம் சாய்த்திருக்கிறார். முதல் அடிகளில் சத்தம் மொத்தமாக வருகிறது. நார் இறுக இறுகச் சத்தம் மெலிந்து உயர்கிறது. ஓர் இடத்தில் கை நின்றுவிடுகிறது. அதற்கு மேல் ஓர் அடி அடித்தால் பலகை ஆணியை விட்டுப் பிரியும். ஓர் அடி குறைந்தால் நார் கடலில் உதிரும். எத்தனை அடி என்று எந்தப் புத்தகத்திலும் எழுத முடியாது. அதன் மேல் சுண்ணாம்பும் எண்ணெயும் பிசைந்த பூச்சை அழுத்தித் தடவினார். புதிதாகக் கலப்பத்து அடித்த கப்பல் தண்ணீரில் இறங்கிய முதல் இரவு கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும். பலகை நீர் குடித்துப் பருத்ததும் சந்துகள் தாமே இறுகிக்கொள்ளும்.

மரமும் கையும்

இவ்வளவும் செய்ய இரண்டு வேண்டும்: மரம், கை.

மரத்தைப் பொறுத்தவரை நம் நாட்டுக்கு வரம் கிடைத்திருக்கிறது. செங்கால் மரம் மலாய்த் தீபகற்பத்தின் சொந்த மரம். கனமும் கடினமும் உள்ளது. பூஞ்சைக்கும் கறையானுக்கும் எளிதில் இடம் கொடுக்காது. தெரெங்கானு ஆற்று முகத்தில் உள்ள டூயோங் தீவின் தச்சர்கள் செங்காலில்தான் கப்பல் கட்டினார்கள். நம் கெரிக்கிலிருந்து கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் ஏறினால் அந்தக் கரைக்குப் போய்விடலாம். அவர்கள் முறையே தனி. முதலில் வங்கு நிறுத்துவதில்லை. பலகையோடு பலகையை மர ஆணியால் பிணைத்து உடலை எழுப்பிவிட்டு, பிறகுதான் உள்ளே வங்கு வைப்பார்கள். பலகைகளுக்கு நடுவே கெலாம் மரத்தின் பட்டையை வைப்பார்கள். நீர் பட்டதும் அது ஊதிச் சந்தை அடைத்துக்கொள்ளும். காகிதத்தில் வரைபடம் கிடையாது. கிறிஸ்டோஃப் ஸ்வோபோடா என்ற ஜெர்மானியர் அங்கே ஒரு பாய்க்கப்பல் கட்டுவித்து அதில் உலகம் சுற்றினார். திரும்பி வந்து இன்னொன்றும் கட்டுவித்தார். ராபின்சன் வல்வெட்டித்துறைக்காரர்களை நம்பியதுபோல இவர் டூயோங்குக்காரர்களை நம்பினார். ஆனால் அங்கும் இளைஞர்கள் இந்தத் தொழிலுக்கு வருவது அரிதாகிவிட்டது.

நம் பாட்டன் பாட்டிமார் விடியற்காலையில் பால் வெட்டிய ரப்பர் மரம் இதற்கு உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெட்டிச் சாய்த்த சில நாளிலேயே பூஞ்சை பிடித்து நீலம் பாய்ந்துவிடும். மருந்தூட்டி உலர்த்தும் முறை வந்த பிறகுதான் அது மேசை நாற்காலிக்குப் பயன்பட்டது. எந்த மரம் எதற்கு உதவும் என்பது பழுதுபார்ப்பவன் கற்க வேண்டிய முதல் பாடம்.

மரத்தை முன்கூட்டி நடவும் வேண்டும். மலபார்த் தேக்கைக் கப்பலுக்காக வெட்டி வெட்டிக் காடு வெறுமையானபோது, 1840களில் மலபார் ஆட்சியர் கொனோலியும் அவரோடு பணிபுரிந்த சாத்து மேனனும் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போட்டார்கள். அதில் ஒரு பகுதி இன்றும் நிற்கிறது. நட்டவர்கள் அந்த மரத்தில் ஒரு பலகையைக்கூட அறுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

கை விஷயத்தில் தமிழ்க் கரை முழுவதும் இருண்டுபோய்விடவில்லை. தூத்துக்குடியிலிருந்து மரத்தோணிகள் இன்றும் மாலத்தீவுக்குச் சரக்குக் கொண்டுபோகின்றன. பாய் போய் எஞ்சின் வந்துவிட்டது, உடல் மரம்தான். கேரளத்துப் பேப்பூரில் கப்பல் தச்சர்கள் வளைகுடா நாட்டுச் செல்வந்தர்களுக்கு 'உரு' என்னும் மரக்கப்பல்களைக் கட்டிக்கொடுக்கிறார்கள். இந்தக் கைகள் இருக்கும்வரை, ஒருநாள் இன்னோர் அன்னபூரணியைக் கட்டவும் பழையதொன்றைக் காக்கவும் நமக்கு வழி இருக்கிறது.

எதை மாற்றலாம்

பழுதுபார்க்கிறவர் முன் வந்து நிற்கும் மிகக் கடினமான கேள்வி, எந்தக் காலத்துக் கப்பலாக இதைத் திருப்புவது என்பது. டிரிங்கோமலி 1817இல் ஓர் உருவம், 1840களில் வேறோர் உருவம், பயிற்சிக் கப்பலானபோது மூன்றாவது உருவம். ஹார்ட்டில்பூல்காரர்கள் 1840களின் உருவத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். கடலில் உண்மையாகப் பணிபுரிந்த காலம் அதுதான். சரியான முடிவு என்பது என் கருத்து. ஒரு பொருள் தன் வேலையைச் செய்த காலம்தான் அதன் உண்மையான முகம்.

திருவாரூர் ஆழித்தேரை நினைத்துப் பாருங்கள். 1948க்குப் பிறகு ஓடாமல் நின்ற அந்தப் பெருந்தேர் 1970இல் மீண்டும் ஓடியது. திருச்சி பெல் தொழிற்சாலை அதற்கு இரும்புச் சக்கரமும் தடை அமைப்பும் செய்து கொடுத்தது. மரச் சக்கரத்தை இரும்பாக்கலாமா என்று யாரும் கேட்கலாம். நான் சொல்வேன், ஆக்கலாம். தேரின் வேலை ஓடுவது. ஓடாத தேரை அப்படியே மூடிவைத்திருந்தால் அதன் தச்சு வேலையையும் கயிறு பிடிக்கும் வழக்கத்தையும் முட்டுக்கட்டை போடுகிறவரின் சாமர்த்தியத்தையும் சேர்த்து இழந்திருப்போம். சக்கரத்தை விட்டுக்கொடுத்து மற்றதையெல்லாம் காத்துக்கொண்டார்கள்.

நம் வீட்டு வாசலுக்கு வருவோம். தஞ்சோங் துவாலாங்கில் நிற்கும் ஐந்தாம் எண் ஈயக் கப்பலை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். 1938இல் கட்டியது, ஏறத்தாழ 4,500 டன் எடை. அதன் மிதவை 75 மீட்டர் நீளம், 35 மீட்டர் அகலம். 1982 வரை கிந்தா வெளியின் ஈயத்தை வாரியது. வேலை நின்றதும் அதே குளத்தில் நின்றது. பிறகு மிதவையில் தண்ணீர் புகுந்து சாய்ந்தது. பழுதுபார்த்து நிமிர்த்தி இன்று மக்கள் பார்வைக்குத் திறந்திருக்கிறார்கள். இரும்பே ஆனாலும் கதை மரக்கப்பலின் கதைதான். வேலை நடந்த நாற்பத்து நான்கு ஆண்டுகள் அது மூழ்கவில்லை. தினமும் ஆள் ஏறி இறங்கினார்கள், நீர் இறைத்தார்கள், எண்ணெய் விட்டார்கள். ஆள் இறங்கிய பிறகுதான் அது சாயத் தொடங்கியது.

பேராக்குக்கு என்ன சேதி

1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தபோது ஈப்போவைச் சுற்றி எத்தனை வீட்டில் அடுப்பு அணைந்தது என்பது இங்குள்ள மூத்தவர்களுக்குத் தெரியும். ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டதும், செம்பனைக்கு மாறியதும், வீடமைப்பு நிலமானதும், லயத்தில் இருந்த நம் மக்கள் பட்டணத்து ஓரங்களுக்குக் குடிபெயர்ந்ததும் தெரியும். ஹார்ட்டில்பூலும் தொழில் போன ஊர்தான். வேலை போனபோதும் வேலை தெரிந்த கை போகாமல் பார்த்துக்கொண்டார்கள். கையைக் காக்க ஒரு கப்பல் அவர்களுக்கு உதவியது. அந்தக் கை பிறகு இன்னொரு கப்பலைக் காத்தது.

நம்மிடம் பாய்க்கப்பல் இல்லை. ஆனால் மரம் இருக்கிறது. பழைய தோட்டங்களில் எஞ்சி நிற்கும் மாரியம்மன் கோயில்களில் மர வாகனங்கள் இருக்கின்றன. மரத்தேர்கள் இருக்கின்றன. பலகைச் சுவரும் சன்னல் கிராதியும் கொண்ட பழைய தமிழ்ப்பள்ளிக் கட்டடங்கள் அங்கங்கே இருக்கின்றன. தோட்டம் கைமாறும்போது இவை இடம் மாறுகின்றன, சில நேரம் காணாமல் போகின்றன. புதுக் கோயில் கட்டும்போது பழைய வாகனத்தைக் கொட்டகையில் தள்ளிவிட்டுப் புதிதாக ஒன்றை வரவழைப்பதும் நடக்கிறது. ஒழுகும் கொட்டகையில் இரண்டு மழைக்காலம் என்ன செய்யும் என்று இப்போதுதான் பார்த்தோம்.

அதனால் மூன்று வேலைகளை இந்த அவையின் முன் வைக்கிறேன்.

முதலாவது, அளப்பது. 1920இல் ஜேம்ஸ் ஹார்னெல் என்ற ஆங்கிலேயர் இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி விரிவாக எழுதி வைத்தார். நம் கரையின் பல படகுகளைப் பற்றி இன்று நாம் பேச முடிவதற்கு அவரைப் போன்றவர்கள் எழுதி வைத்த குறிப்புகள் பெரிய உதவி. நம் வாகனத்தையும் தேரையும் நாமே அளந்து எழுதி வைக்க வேண்டும். நீளம், அகலம், என்ன மரம், எங்கே மூட்டு, எங்கே ஆணி, யார் செய்தது, எந்த ஆண்டு, எந்தத் தோட்டம். தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டு மாணவருக்கே இந்த வேலை செய்யத் தெரியும். ஆசிரியர்கள் மனம் வைத்தால் ஒரு பள்ளி விடுமுறையில் ஒரு வட்டாரத்தையே முடிக்கலாம்.

இரண்டாவது, கையைத் தேடுவது. பழைய மரவேலை தெரிந்த தச்சர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். மலாய்த் தச்சர்கள், பங்கோர்ச் சீனத் தச்சர்கள் இருக்கிறார்கள். இனம் பார்க்க வேண்டாம், கையைப் பாருங்கள். பம்பாயில் பார்சிகள் கட்டிய தேக்குக் கப்பலை ஆங்கிலேயத் தச்சர்கள் காத்தார்களே. ஒவ்வொரு மூத்த தச்சரிடமும் இரண்டு இளைஞர்களை விட வேண்டும், சம்பளத்தோடு விட வேண்டும். சும்மா சேவை என்று சொன்னால் பிள்ளைகள் வர மாட்டார்கள்; வந்தாலும் நிலைக்க மாட்டார்கள். கோயில் திருப்பணிக்கு நாம் அள்ளிக் கொடுக்கிறோம். அந்தத் திருப்பணிச் செலவில் ஒரு பங்கு ஓர் இளைஞனின் மாதச் சம்பளமாகப் போகட்டும். அவன் கற்ற வேலை அடுத்த கோயிலுக்கும் அதற்கு அடுத்த கோயிலுக்கும் போகும்.

மூன்றாவது, பயன்படுத்துவது. பழுதுபார்த்த வாகனத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டாதீர்கள். திருவிழாவில் தூக்குங்கள். தூக்கினால்தான் எந்த மூட்டு ஆடுகிறது என்று தோளுக்குத் தெரியும். ஆடினால் சரிசெய்வோம். வருடத்துக்கு ஒருமுறை சரிசெய்தால் அந்த வேலை தெரிந்தவர் வருடத்துக்கு ஒருமுறை தேவைப்படுவார். அவர் தேவைப்படுகிறவரை அவருடைய தொழில் இருக்கும். அவர் தொழில் இருக்கிறவரை வாகனம் இருக்கும்.

அன்னபூரணியைக் கட்டியவர்களின் திறமையில் குறையில்லை. அட்லாண்டிக் கடலே அதற்குச் சாட்சி. குறையாக இருந்தது, கட்டிய பிறகு காக்கும் ஏற்பாடு. நாம் கட்டுவதில் கெட்டிக்காரர்கள். கும்பாபிஷேகத்துக்கு ஆயிரம் பேர் வருவோம். அதன் மறுவாரம் கூரையில் ஏறி ஓடு பார்க்க இரண்டு பேர் வருவதில்லை. அந்த இரண்டு பேரை இந்த அவையிலிருந்து கேட்கிறேன். உங்கள் பழைய தோட்டத்துக் கோயிலுக்கு அடுத்த முறை போகும்போது அர்ச்சனைத் தட்டோடு ஓர் அளவுநாடாவும் ஒரு நோட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். வாகனக் கொட்டகையைத் திறக்கச் சொல்லுங்கள். முதலில் கூரை ஒழுகுகிறதா என்று பாருங்கள், ஒழுகினால் அன்றே அடையுங்கள். அளப்பது அதற்குப் பிறகு.